அறிவிக்கும் கடமை யாருடையது: ஒரு சதுரங்கச் சங்கத்தின் ஓர் ஆட்டப் பருவம் குறித்த நிகழ்வு ஆய்வு

பார்வையுள்ள ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் ஒரே போட்டியில், ஒரே புள்ளிப்பட்டியலுக்காக, சலுகைப் புள்ளி எதுவும் இல்லாமல் எதிரெதிரே அமர்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகள் மிகச் சிலவே. சதுரங்கம் அவற்றுள் ஒன்று. ஆகவே பார்வையற்றோரையும் குறைபார்வையுடையோரையும் உறுப்பினராகச் சேர்க்க ஒரு சதுரங்கச் சங்கம் முடிவு செய்யும்போது, வேலையின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அதன் நிர்வாகிகள் எண்ணுவது இயல்பு. நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். பருவம் முடிந்தபின் திரும்பிப் பார்த்தபோது, பலகையின் மீது எழுந்த சிக்கல்கள் எல்லாம் அன்றன்றே தீர்ந்திருந்தன. பலகையைச் சுற்றி எழுந்தவை மாதக்கணக்கில் தீராமல் கிடந்தன. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அந்தச் சங்கத்தில் நான் நடுவராகவும் செயற்குழு உறுப்பினராகவும் இருந்தேன். ஆகவே கீழே குறையாகச் சொல்லப்படுபவற்றில் பல என்னுடைய குறைகள். அந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த இருவரைப் பற்றியே எழுதுகிறேன். ஒருவர் பிறவியிலேயே பார்வையற்ற ஆசிரியை. பள்ளிப் பருவத்திலிருந்து ஆடிவருபவர். மற்றவர் விழித்திரைச் செல்கள் படிப்படியாகச் சிதையும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரைக் குறைபாடுள்ள கல்லூரி மாணவர். சேர்ந்தபோது தம் பார்வையைப் பற்றி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. இருவரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன். எழுதியதை இருவரும் வாசித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

விதி என்ன சொல்கிறது

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ஆட்ட விதிகளில், பார்வையற்றவர்களுடன் ஆடுவதற்கென்றே ஒரு பிற்சேர்க்கை உள்ளது. அதன்படி, ஆட்டக்காரர் இருவரில் எவர் வேண்டுமானாலும் இரண்டு பலகைகள் வேண்டும் என்று கேட்கலாம். பார்வையுள்ளவர் வழக்கமான பலகையில் ஆடுவார்; பார்வையற்றவர் தமக்கென அமைந்த பலகையில் ஆடுவார். அந்தப் பலகை குறைந்தது 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையதாக, கறுப்புக் கட்டங்கள் சற்றே மேடானவையாக, ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருகி நிறுத்தத் துளை கொண்டதாக இருக்க வேண்டும். காயின் அடியில் துளைக்குப் பொருந்தும் முளை இருக்கும். கறுப்புக் காய்களுக்குத் தடவினால் தெரியும் அடையாளம் இருக்கும். எங்கள் பலகையில் அது காயின் தலையில் வைத்த ஒரு சிறு முனை.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது போட்டிச் சதுரங்கத்தின் அடிப்படை விதி. விரலால் பலகையைப் படிப்பவரிடம் அதை அப்படியே பொருத்தினால் அவர் ஒரு நகர்வுகூடச் சிந்திக்க முடியாது. பிற்சேர்க்கை இதைத் தீர்த்த விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது: பார்வையற்றவருக்கு அந்த விதியிலிருந்து விலக்கு அளிக்காமல், ‘தொடுதல்’ என்ற சொல்லுக்கு வேறு வரையறை தருகிறது. காயைத் துளையிலிருந்து வெளியே எடுத்தால்தான் அது தொடப்பட்டதாகக் கருதப்படும். அதன்பின் விதி எல்லோருக்கும் ஒன்றே. அதுபோல, காயை வேறு துளையில் செருகி, வெட்டப்பட்ட காய் இருந்தால் அதை அகற்றி, நகர்வை வாயால் அறிவித்தபின்தான் நகர்வு முடிந்ததாகும்.

இந்த ஆய்வுக்கு மிகவும் வேண்டிய பகுதி அறிவிப்பு பற்றியது. நகர்வுகள் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும்; எதிராளி அதைத் திரும்பச் சொல்லித் தம் பலகையிலும் நிகழ்த்த வேண்டும். இந்தக் கடமை பார்வையற்றவருக்கு மட்டும் உரியதன்று, எதிரில் அமர்ந்திருப்பவருக்கும் அதே அளவில் உரியது. வாய் தவறிச் சொன்னால் கடிகாரத்தை அழுத்துமுன் திருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் எட்டு நெடுவரிசைகளுக்கும் அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்ற பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. பி, சி, டி, ஈ, ஜி என்று உச்சரிக்கும்போது ஐந்தும் ஒரே ஓசையில் முடிவதுதான் காரணம்.

பார்வை வேறுபாட்டைச் சமன் செய்ய விளையாட்டுகள் வேறு வழிகளையும் கையாள்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் உருவான கோல்பாலில், ஓரளவு பார்வை உள்ளவர் உட்படக் களத்தில் இருக்கும் அனைவரும் கண்ணை முழுதும் மறைக்கும் கவசம் அணிகிறார்கள், 1.25 கிலோ எடையுள்ள பந்துக்குள் மணிகள் ஒலிக்கின்றன. அங்கே சமன் என்பது எல்லோரிடமிருந்தும் பார்வையை எடுத்துவிடுவது. ஓட்டத்தில் வழிகாட்டி ஓட்டக்காரர் ஒரு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உடன் ஓடுகிறார். அங்கே சமன் என்பது ஒருவருக்கு இன்னொருவரின் கண்ணை இரவல் தருவது. சதுரங்கம் இரண்டையும் செய்யவில்லை. கண்ணால் வரும் செய்தியைக் காதால் வரும்படி மாற்றி, அந்த மாற்றத்தின் சுமையை இரு பக்கமும் பங்கிட்டது.

இந்த ஏற்பாடு திடீரென்று வந்ததன்று. இங்கிலாந்தின் வூஸ்டர் பார்வையற்றோர் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ரெஜினால்ட் போனம் போன்றோர் முதலில் அஞ்சல்வழி ஆட்டங்களால் பல நாட்டுப் பார்வையற்ற ஆட்டக்காரர்களை இணைத்தனர். 1958இல் ஜெர்மனியின் ரைன்பிரைட்பாக்கில் அவர்கள் நேருக்கு நேர் ஆடிய பன்னாட்டுப் போட்டி நடந்தது. 1961இல் மெஷெடெயில் பார்வையற்றோருக்கான முதல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. பன்னாட்டு பிரெயில் சதுரங்கச் சங்கத்தின் அணி இன்று ஃபிடேயின் பொது ஒலிம்பியாடிலும் ஆடுகிறது. விதியின் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு மேசையில் நடந்த தகராறின் தீர்ப்பாகவே எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கும் அப்படி ஒரு தகராறு வந்தது.

மூன்றாம் சுற்று

ஆசிரியை கறுப்புக் காய்களுடன் ஆடினார். எதிரில் இருந்தவர் எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர், நல்லவர், ஆனால் அன்னா, பெல்லா என்று சொல்வது சிறுபிள்ளை விளையாட்டாக இருக்கிறது என்று கருதி வெறும் எழுத்துகளையே சொல்லிவந்தார். ஆட்டத்தின் நடுவில், சி 3இல், அதாவது சி நெடுவரிசையின் மூன்றாம் கட்டத்தில், இருந்த தம் குதிரையை பி 5க்கு நகர்த்தி அறிவித்தார். ஆசிரியையின் காதில் அது டி 5 என்று விழுந்தது. அவர் விதிப்படி ‘டி 5’ என்று திரும்பச் சொன்னார். மூத்தவருக்கு அது ‘பி 5’ என்றே கேட்டது. சி 3இல் உள்ள குதிரை இரண்டு கட்டங்களுக்கும் போகக்கூடியது என்பதால் இருவருக்கும் ஐயம் எழவில்லை. இரண்டு நகர்வுகள் கழித்து, டி 5இல் உள்ள குதிரையைத் தம் குதிரையால் வெட்டுவதாக ஆசிரியை அறிவித்தார். மூத்தவர் அந்தக் கட்டத்தில் காயே இல்லை என்றார்.

என்னை அழைத்தார்கள். இரு பலகைகளிலும் நிலை வேறுபட்டால் இருவரும் எழுதிய நகர்வுக் குறிப்புகளை ஒப்பிட வேண்டும். குறிப்புகள் ஒத்திருந்து, ஒருவர் பலகையில் மட்டும் தவறாக ஆடியிருந்தால், தவறியவர் தம் பலகையைக் குறிப்புக்கேற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். குறிப்புகளே வேறுபட்டிருந்தால், கடைசியாக இரண்டும் ஒத்திருந்த நகர்வு வரை ஆட்டம் பின்னோக்கிப் போகும். கடிகாரமும் அதற்கேற்ப மாற்றப்படும். ஆசிரியையின் பிரெயில் தாளை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் டி 5 என்றிருந்தது. மூத்தவரின் தாளில் பி 5 என்றிருந்தது. ஆட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தினேன்.

மூத்தவர் வெற்றிக்கு அருகில் இருந்ததாக நம்பினார், கோபப்பட்டார். தாம் சரியாகத்தான் அறிவித்தேன் என்றார். அது உண்மைதான். ஆனால் சரியாகச் சொல்வது வேறு, சரியாகப் போய்ச் சேர்வது வேறு. விதி இரண்டாவதைத்தான் கேட்கிறது. ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்த வாரம் முதல் அவர் பெல்லா என்றும் டேவிட் என்றும் சொல்லத் தொடங்கினார்; யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஒரு கடமை யாருடையது என்பது எழுதப்பட்டிருந்ததால், தகராறு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. யாரும் யாரிடமும் உதவி கேட்க நேரவில்லை. நன்றி சொல்லவும் நேரவில்லை. இனி வருபவற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒட்டிய தாள்

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் யார் யாருடன் எந்தப் பலகையில் ஆட வேண்டும் என்ற பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவோம். எல்லோரும் முண்டியடித்துப் பார்ப்பார்கள். ஆசிரியை அந்தக் கூட்டத்தின் விளிம்பில் நின்று, அருகில் வருபவரின் காலடிச் சத்தம் கேட்டு, ‘என் பலகை எண் என்ன, பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று கேட்பார். கேட்கப்பட்டவர் எண்ணைச் சொல்வதோடு நில்லாமல் அவர் கையைப் பிடித்து மேசைவரை இழுத்துச் செல்வார். பார்வையற்றவர் வழிகாட்டுபவரின் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடப்பதுதான் பாதுகாப்பான முறை என்பதும், இழுக்கப்படும்போது அடுத்த அடி எங்கே விழும் என்பது அவருக்குத் தெரியாது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆசிரியை பத்து வாரங்கள் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார்.

பட்டியலைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொன்னவரும் அவர்தான். அவருடைய கைபேசியின் திரைவாசிப்பான் அதை நொடியில் வாசித்துவிடும். அதைச் செய்தபின், பட்டியலைப் பார்க்க முண்டியடித்த மற்றவர்களும் சுவரை விட்டுவிட்டார்கள்.

கூடவே அவருக்கு ஒரு நிலையான மேசை ஒதுக்கினோம். வாயிலிலிருந்து வழி மாறாது. அறிவிக்கும் ஒலி மற்றவர்களைத் தொந்தரவு செய்யாதபடி மூலையில் இருக்கும். நடுவர் மேசைக்கும் அருகில். இதை நான் பெருமையோடு செய்தேன். ஆனால் சதுரங்கக் கூடத்தில் இருக்கைக்கு ஒரு பொருள் உண்டு: முன்னணியில் இருப்பவர்கள் முதல் பலகைகளில் அமர்வார்கள், மற்றவர்கள் தம் ஆட்டம் முடிந்ததும் அவர்களைச் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். ஆசிரியை தொடர்ந்து வென்று இரண்டாம் பலகைக்கு உரியவரானபோதும் மூலையிலேயே ஆடினார். அவருடைய ஆட்டத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. வசதிக்காகச் செய்த ஏற்பாடு அவரைக் கூட்டத்தின் பார்வையிலிருந்து அகற்றியிருந்தது. இதை அவர் முறையிடவில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார். மேசையை அவரிடம் கேட்டு ஒதுக்கினேனா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை.

‘இங்கே வந்தால், அங்கே போனால்’

ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து, எங்கே தவறியது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று அலசுவது சதுரங்கத்தின் வழக்கம். என் அனுபவத்தில் ஒரு சங்கத்தின் நட்புகள் எல்லாம் இந்த அலசலில்தான் பிறக்கின்றன. ஆட்டத்தின்போது பேசக் கூடாது. அலசலில்தான் ஒருவரின் குரலும் நகைச்சுவையும் பிடிவாதமும் தெரியவரும். பின்னர் வீட்டுக்கு அழைப்பதும், சேர்ந்து வெளியூர்ப் போட்டிக்குப் போவதும் அங்கிருந்தே தொடங்கும்.

இந்த இடத்தில்தான் நாங்கள் ஆசிரியையை முழுமையாக இழந்தோம். அலசலில் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு, ஒரு பலகையில் பல கைகள் புகுந்து, ‘இங்கே வந்தால்?’, ‘அப்ப இவன் அங்கே போயிடுவான்’, ‘இதை எடுத்துட்டா முடிஞ்சுது’ என்று பேசுவார்கள். இங்கே, அங்கே, இது, இவன் என்ற சொற்கள் விரலோடு சேர்ந்தால்தான் பொருள் தருபவை. விரலைக் காணாதவருக்கு அது வெறும் ஒலி. ஆட்டத்தின்போது ஒவ்வொரு கட்டத்தையும் பெயர் சொல்லி அறிவித்த அதே மனிதர்கள், கடிகாரம் நின்ற மறுநொடி விரலுக்குத் திரும்பிவிட்டார்கள். தீய எண்ணம் எதுவும் இல்லை. சொல்ல வேண்டும் என்ற கடமை ஆட்டத்தோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆசிரியை சில வாரங்கள் தம் பலகையோடு அமர்ந்து பின்தொடர முயன்றார். பிறகு ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டுக் கிளம்பத் தொடங்கினார். போக்குவரத்து நெரிசலுக்கு முன் போய்விட விரும்புகிறார் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

பார்வையற்றோர் மட்டும் ஆடும் போட்டிகளுக்கும் அவர் செல்வதுண்டு. அங்கே அலசல் நள்ளிரவு வரை நடக்கும் என்றார். எல்லோரும் கட்டத்தின் பெயரைச் சொல்லியே பேசுவார்கள், யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. பொதுவான அமைப்புகளில் சேர்ப்பதே முன்னேற்றம், தனி அமைப்புகள் பழைய பிரிவினையின் மிச்சம் என்று கருதுபவர்கள் உண்டு. நானும் அப்படிக் கருதியவன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பொதுவான விளையாட்டுகளில் இயன்ற அளவு முழுமையாகப் பங்கேற்பதையும், தமக்கென்று விளையாட்டுகளை ஒழுங்குசெய்து நடத்தும் வாய்ப்பையும் அடுத்தடுத்த உட்பிரிவுகளில் வைத்திருப்பதன் காரணம் அவரிடம் பேசிய பிறகே எனக்குப் புரிந்தது. ஓர் இடத்தில் அவர் போட்டியிடுகிறார். இன்னோர் இடத்தில் இளைப்பாறுகிறார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூட முடியாது.

பருவத்தின் பிற்பகுதியில், வாரத்தில் ஒரு மாலை, அலசல் மேசையில் ஒரே ஒரு விதி வைத்தோம்: கட்டத்தின் பெயரைச் சொல்லாமல் யாரும் காயைத் தொடக் கூடாது. முதல் வாரம் தோல்வி. விதியை மறந்தவர்களை நான் திருத்திக்கொண்டே இருந்ததில் பேச்சு செத்துப்போனது. இருவர் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் திருத்தும் வேலையை நான் விட்டேன்; ‘எந்தக் கட்டம்?’ என்று கேட்கும் வேலையை ஆசிரியையே எடுத்துக்கொண்டார். அவர் கேட்ட தொனியில் கிண்டல் இருந்தது. அது வேலை செய்தது. வேகமாக ஆடும் இளைஞர்கள் சிலர் இன்றும் அந்த மேசைக்கு வருவதில்லை. வருபவர்கள் ஆறேழு பேர். ஆசிரியை அந்த மாலைகளில் கடைசிவரை இருக்கிறார்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்

மாணவரின் கதை வேறு வகையானது. அதை முன்பே கவனிக்காதது இந்த ஆய்வில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பெரிய பிழை. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா உள்ளவர்களுக்கு முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும். பிறகு பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். நடுப்பார்வை நெடுநாள் கூர்மையாகவே இருக்கக்கூடும். ஆகவே அவர் கைபேசியில் சிறிய எழுத்தையும் வாசிப்பார். எதிரே நீட்டிய கையைக் காணாமல் போவார். கைகுலுக்க மறுக்கிறார், திமிர் பிடித்தவர் என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

பலகையில் அவருக்கு நேர்ந்தது இது: ஒரு நேரத்தில் சில கட்டங்களே தெரியும்; முழுப் பலகையையும் கண்ணைத் துழாவித் துழாவி மனத்தில் ஒட்டவைக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காகப் பாயும் பிஷப்பை அவர் அடிக்கடி தவறவிட்டார். பளபளப்பான பலகையில் விளக்கொளி தெறித்து வெள்ளைக் கட்டமும் வெள்ளைக் காயும் ஒன்றாகிவிடும். கடிகாரத்தின் சாம்பல் திரையில் சாம்பல் எண்கள் அவருக்குத் தெரியவே தெரியா. நேரம் கடந்து இரண்டு ஆட்டங்களைத் தோற்றார். கைபேசியின் உருப்பெருக்கியால் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஏமாற்றுவதைத் தடுக்க ஆட்டக் கூடத்தில் கைபேசி தடைசெய்யப்பட்டுள்ளது. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தாலே ஆட்டம் போய்விடும்.

அவர் விஷயத்தைச் சொன்ன நாளில் எனக்குத் தோன்றிய முதல் தீர்வு, ஆசிரியை ஆடுவதுபோல் இரண்டு பலகை வைத்து ஆடலாமே என்பது. குறைபார்வையை வகைப்படுத்தும் பி 1, பி 2, பி 3 என்ற விளையாட்டுப் பிரிவுகளில், பார்வைக் கூர்மை நன்றாக இருந்தாலும் புலம் 20 பாகைக்குக் குறைவாக இருப்பவர் பி 3இல் அடங்குவார். ஆகவே அவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் மறுத்தார். விரலால் காயைப் படித்து அவருக்குப் பழக்கமில்லை. கண்ணால் ஆடினால் பிழைபட்டாலும் அது தம் ஆட்டமாக இருக்கிறது என்றார். சற்றுத் தயங்கி, அந்தப் பலகையை மேசையில் வைத்துவிட்டால் கூடத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். பார்வையற்றவருக்கு விதி உண்டு, பார்வையுள்ளவருக்கு விதி உண்டு. காலையில் ஒன்றாகவும் விளக்கு மங்கிய மாலையில் மற்றொன்றாகவும் இருப்பவர், தாம் எவர் என்பதை ஒவ்வொரு முறையும் தாமே அறிவிக்க வேண்டியிருக்கிறது.

இடத்திற்கேற்ப விதிகளைத் தகவமைக்க, நடுவரைக் கலந்து முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பிற்சேர்க்கை அமைப்பாளருக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி, ஒளி தெறிக்காத மங்கல் பரப்புள்ள பலகை, கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எண்கள் காட்டும் கடிகாரம், கைபேசிக்குப் பதிலாகக் கண்ணாடி உருப்பெருக்கி ஆகியவற்றை அனுமதித்தோம். மங்கல் பலகையை எல்லா மேசைகளுக்கும் வாங்கிவிட்டதால் அது யாருடைய அடையாளமாகவும் ஆகவில்லை. மேசை விளக்கு மட்டும் சிக்கலாக நின்றது: அவருக்கு வேண்டிய வெளிச்சம் எதிரில் இருப்பவரின் கண்ணைக் கூசச்செய்தது. இரண்டு எதிராளிகள் ஆட்சேபித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளக்கைத் தாழ்த்தி, அவர் பக்கத்திலிருந்து பலகையின் மீது மட்டும் விழும்படி வைத்துப் பார்க்கிறோம். அப்போது அவருடைய கையின் நிழல் பலகையில் விழுகிறது.

புதிய பருவத்துக்கான பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறோம். உங்கள் பலகை எங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்பது ஒன்று. ஆட்டத்துக்கு உங்களுக்கு வேண்டிய ஏற்பாடு என்ன என்பது மற்றொன்று. எல்லா உறுப்பினரும் நிரப்ப வேண்டும். ஆசிரியை முதல் கேள்விக்கு, ‘பட்டியல் சொல்லும் இடத்தில்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் சுற்றுக்கு முன் கூடத்தின் எல்லா வரிசைகளையும் ஒருமுறை வெண்கோலோடு நடந்து பழகிக்கொள்வதாகச் சொன்னார். அறிவிப்பின் ஒலி நடு வரிசையில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யுமே என்று ஒருவர் கேட்டதற்குச் செயற்குழுவில் இன்னும் விடை எழுதப்படவில்லை. மாணவர் தம் படிவத்தில் இரண்டாம் கேள்வியை வெற்றாக விட்டிருக்கிறார். பதிவு முடிய ஒரு வாரம் இருக்கிறது. முதல் சுற்று மாலை நேரத்தில்.